அண்ணன் வெளியே வரவில்லை

எங்கள் எம்.ஆர்.ஐ. அறையில் படம் எடுப்பவருக்கு 'அசையாதீங்க' என்றே பெயர். இருபத்திரண்டு வருடமாக மைக்கில் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறார். வீட்டில் மகளுக்குத் தலை பின்னும்போதும் வாயில் அதுதான் வருமாம். முடிவை டாக்டர்தான் சொல்லவேண்டும், படம் எடுப்பவர் வாய் திறக்கக்கூடாது. அந்த விஷயத்தில் மனிதர் கல்லுளிமங்கன். ஆனால் படத்தில் மோசமாக ஏதாவது தெரிந்தால் மட்டும், நோயாளியின் கையைப் பிடித்து வாசல்வரை தானே கொண்டுவந்து விடுவார். அப்படி ஒரு பழக்கம் இருப்பது அவருக்கே தெரியாது. கூடவே நின்று ஊசி போடும் நர்ஸ் நான், எனக்கும் தெரியாது.

கண்டுபிடித்தது ஒரு தையற்காரம்மா. அவர் கணவருக்கு மூளையில் இருந்த கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. இப்போது வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு திட்டு. அது வெறும் தழும்பா, கட்டி திரும்ப வளர்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். இது ஆறாவது ஸ்கேன். வாசலில் காத்துக் காத்து அந்தம்மாவுக்கு எங்கள் சங்கதியெல்லாம் அத்துப்படி.

"அண்ணா, இன்னைக்கு மட்டும் நீங்க வெளிய வந்துடாதீங்க. நீங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த யாருமே நல்ல சேதி கேட்டதில்ல."

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மருந்தை ஏற்றினேன். அது ரத்தத்தோடு மூளைக்குள் ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் இயந்திரம் படபடவென்று படம் பிடித்துத் தள்ளும். எங்கே எவ்வளவு ரத்தம் என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் நிறம் தீட்டும். தழும்பில் ரத்தம் குறைவு, நீலமாகத் தெரியும். வளரும் கட்டிக்கு ரத்தம் நிறைய வேண்டும், சிவந்துவிடும்.

திட்டு முழுக்கச் சிவப்பு.

அண்ணன் எழுந்துவிட்டார். கதவுவரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "நீயே கூட்டிட்டுப் போம்மா." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அண்ணன் வரல பாத்தீங்களா!" என்று கணவர் தோளில் தட்டினார். பிறகு எங்கள் அறைக்குள் தலையை நீட்டினார்.

"ரொம்ப நன்றிண்ணா. ரிப்போர்ட் நாளைக்குத்தானே? பையன் லீவு போட்டுட்டு கூட வர்றேன்னான். வேணாம்னு சொல்லிடுறேன். நான் மட்டும் வந்து வாங்கிக்கிறேன்."

பையனும் வரட்டும் என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். அதைச் சொன்னாலே எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"பத்து மணிக்கு வாங்கம்மா" என்றார்.