அழாதவர்களுக்கும் ஒரு கேள்வி

விஜயலெட்சுமியின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் ஹட்டன் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் ஆய்வுக்காக விஜயலெட்சுமி திருத்தித் தந்திருந்த கேள்விகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“டொக்டர், அக்கா போயிட்டாங்க. காலையில தலை வலிக்குதுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…”

“சரி” என்றேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, எங்கள் சுகாதார ஆய்வுக் குழுவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த எனக்கு அந்த மலைகளில் முதலில் கிடைத்த சிநேகிதி அவர்தான்.

தோட்டப் பெண்களின் மன உளைச்சலை அளக்கும் வேலை எங்களுக்குத் தரப்பட்டிருந்தது. வெளிநாட்டில் தயாரான ஒரு வினாக்கொத்தைத் தமிழாக்கி, விடைகளுக்குப் புள்ளியிட்டுக் கூட்டினோம். கூட்டுத்தொகை மிகக் குறைவாக வந்தது. உளைச்சல் பெரிதாக இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம் என்றார் குழுத் தலைவர். அப்படி எழுதினால், தலவாக்கலைப் பக்கம் வாரம் ஒருநாள் நடந்த மனநல ஆலோசனை நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விஜயலெட்சுமி என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போனார். கொழுந்து பறிக்கும் மாரியம்மாவிடம் அதே கேள்விகளைக் கேட்டார். அடிக்கடி மனச்சோர்வு அடைகிறீர்களா?

“சோர்வா? மலையால எறங்குனா எல்லாருக்கும்தான் சோர்வு மிஸ். படுத்து எந்திரிச்சா சரியாப் போயிரும்.”

காரணமின்றி அழுகிறீர்களா?

“அழுகையெல்லாம் வராது. மக போனதுக்குப் பெறகு மனசு மரத்துப் போச்சு. நல்லது கெட்டது எதுவுமே ஒறைக்க மாட்டேங்குது.”

எங்கள் கணக்கில் மாரியம்மாவுக்குக் கிடைத்தது பூச்சியம். பஸ்ஸில் திரும்பும்போது விஜயலெட்சுமி அந்த விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அழாதவங்களுக்கு நம்மகிட்ட புள்ளியே இல்ல டொக்டர்.”

உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட வினாக்கொத்து அது, நாங்கள் குறை சொல்வதா என்று தலைவர் கோபப்பட்டார். விஜயலெட்சுமி குரலை உயர்த்தவில்லை. “கூட்டுனா எண் வந்துடும் சார். அது எதோட எண்ணுன்னு கேட்டா நம்மளால சொல்ல முடியாதே. என் பேரைப் போடாதீங்க.” புள்ளிவிபரவியலாளர் பெயர் இல்லாமல் அறிக்கை போகாது. தலைவர் வேண்டாவெறுப்பாக அவகாசம் கொடுத்தார்.

அந்த மாதங்களில் அவர் செய்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெண்களின் வாயில் வந்த சொற்களிலேயே கேள்விகளை எழுதினார். ஒன்றாகக் கூட்டும் கேள்விகள் எல்லாம் ஒரே துயரத்தைத்தான் தொடுகின்றனவா என்று பார்த்தார். சில நாள் கழித்து அதே பெண்ணிடம் கேட்டால் அதே விடை வருகிறதா என்று பார்த்தார். மருத்துவராக நான் ஒவ்வொரு பெண்ணோடும் தனியே பேசிக் கண்டறிந்தவற்றோடு கூட்டுத்தொகையை ஒப்பிட்டார். “எதுவும் உறைக்கவில்லை” என்ற கேள்வி எல்லாச் சோதனையிலும் நின்றது.

இடுப்பு வலி பற்றிய கேள்வி நிற்கவில்லை. துயரத்தில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் அதற்கு ஒரேபோல ஆம் என்றார்கள்.

“விஜி, அதை எடுக்கப் போறீரோ? உம்மட அம்மாவும் அந்த நோவோடதானே கொழுந்தெடுத்தவ?”

“அதனாலதான் டொக்டர் கஷ்டமா இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்ச கேள்விங்கிறதுக்காக வெச்சுக்க முடியாது. துயரத்தையும் வலியையும் ஒண்ணாக் கூட்டுனா ரெண்டுமே தெரியாமப் போயிடும். வலிக்குத் தனியா ஒண்ணு செய்வோம்.”

புதிய அளவுகோலில் மாரியம்மாவைப் போன்றவர்கள் தெரிந்தார்கள். அறிக்கை மாறியது. நிலையம் மூடப்படவில்லை, இன்றும் நடக்கிறது. வலிக்கான அளவுகோலைத்தான் இப்போது தொடங்கியிருந்தோம்.

கந்தப்பளையில் மழைக்குள் அவரை அடக்கம் செய்தார்கள். வந்தவர்களுக்குக் குடை பிடித்தேன். தேநீர் எடுத்துக் கொடுத்தேன். தம்பி என் கையைப் பிடித்து அழுதபோது அவர் தோளில் கை வைத்தபடி நின்றேன். எனக்கு எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் புதிய கேள்விகளோடு தோட்டத்துக்குப் போனேன். போகவேண்டிய நாள் என்பதால் போனேன். மாரியம்மா என் பின்னால் பாதையைப் பார்த்தார்.

“விஜி மிஸ் வரலீங்களா?”

சொன்னேன். அவர் கூடையை நகர்த்தி, நான் உட்கார இடம் செய்தார்.

கேள்வி கேட்டதும் விஜயலெட்சுமி பேனாவை மூடி மடியில் வைத்துவிடுவார். எத்தனை நேரமானாலும் பதில் வரும்வரை அடுத்த வரியைப் பார்க்கமாட்டார். அவரோடு மலையேறிய உங்களுக்கு அது தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

“வலி எங்கேயிருந்து தொடங்குது?” என்று கேட்டேன். மாரியம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடி மடியில் வைத்தேன்.