கறுப்புத் துணிக்குள் டார்ச் அக்கா

மின்சாமான் கடையின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கறுப்பு லைனிங் துணி ஒன்றைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார் அக்கா. துணிக்குள் ஒரு டார்ச் எரிகிறது. ஓரங்களில் கசிகிற வெளிச்சத்தை வைத்துத்தான் உள்ளே ஓர் ஆள் இருப்பதே தெரிகிறது. ஸ்விட்ச் வாங்க வந்த ஒருவர் இரண்டடி ஒதுங்கி நிற்கிறார். கடைக்காரருக்கு இது பழகிப்போன காட்சி. "கொஞ்சம் பொறுங்க சார், அக்கா உள்ள இருக்காங்க" என்கிறார், பக்கத்து அறையில் இருப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல.

துணிக்குள்ளிருந்து குரல் வருகிறது. "இதெல்லாம் ஒரு வெளிச்சமா? எதப் பாத்தாலும் சீக்குக்காரன் மாதிரி இருக்கு. அடுத்ததக் குடுங்க."

"அக்கா, அது பத்தாயிரம் லூமன் வெளிச்சம். டப்பாவுலயே போட்டிருக்கான்."

"டப்பாவுல என்ன வேணாலும் போடுவான், எழுதுற கை அவன் கைதானே. பத்தாயிரம் நெசம்னா இந்நேரம் நான் துணியோட எரிஞ்சிருக்கணும்."

ஸ்விட்ச் வாங்க வந்தவர் சிரித்துவிடுகிறார். துணி விலகுகிறது. வியர்த்த முகத்தோடு அக்கா அவரை ஒரு பார்வை பார்க்கிறார். அவர் ஸ்விட்ச்சை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

அக்காவுக்குத் தொழில் தையல். பின் தெருவில் ஒரு கதவு அகலத்தில் கடை. ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு பீரோ, கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப். டார்ச் அக்கா என்பது மின்சாமான் கடைக்காரர்கள் வைத்த பெயர். அக்காவின் கையில் டார்ச்சுக்கு வேலையே இல்லை. வாங்குவதும் சோதிப்பதும் திருப்பிக் கொடுப்பதும் எல்லாம் வீட்டுக்காரருக்காக. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்கிற மனுஷன். மெழுகுவத்தியைக் கொடுத்து அனுப்பினாலும் போய்விட்டு வருவார்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனதில் தொடங்கியது இதெல்லாம். காலையில் கொடுத்தாக வேண்டிய மெரூன் கோட்டு ஒன்று மிஷினில் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கம்பெனி கொடுத்த டார்ச்சை மேலே கட்டித் தொங்கவிட்டு, நூல்கண்டைத் துணியோடு ஒட்டிவைத்துப் பார்த்து, நிறம் சேர்கிறது என்று திருப்திப்பட்டுத் தைத்து முடித்தார். காலையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் கோட்டு நெடுகப் பழுப்புத் தையல் பல்லை இளித்தது.

தலையில் அடித்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தவருக்கு, பாதியில் கை நின்றுவிட்டது. மெரூனையும் பழுப்பையும் ஒன்றாகக் காட்டிய இதே டார்ச்சை வைத்துக்கொண்டுதானே அந்த மனுஷன் சிவப்பு ஒயரையும் பழுப்பு ஒயரையும் பிரித்துப் பார்க்கிறார்?

"நான் தப்பாத் தச்சா பிரிச்சுத் தச்சுக்கலாம். அவர் தப்பா சேத்துட்டா எதப் பிரிக்கிறது?" என்று கேட்பார் அக்கா. இதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ தெரியாது.

அன்றிலிருந்து ஓர் அட்டையில் துண்டு நூல்களைச் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறார். சிவப்பு, மெரூன், பழுப்பு, ஆரஞ்சு, சாம்பல், கறுப்பு. கறுப்புத் துணிக்குள் அந்த அட்டையும் டார்ச்சும் அக்காவும் மட்டும். நிறங்கள் பிரிந்து தெரிந்தால்தான் டார்ச் மேற்கொண்டு பேச்சுக்கு வரும். கண் கூசுகிற வெளிச்சம் என்று கடைக்காரர் பெருமைப்பட்டால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணக் கூச வைக்கிறதுக்கா காசு? கண்ணுக்குக் காட்டணும்யா."

பேட்டரி விஷயத்தில் கோபம் இன்னும் ஒரு படி மேலே. கம்பெனி கொடுத்த பேட்டரி ஒன்று ஒரே மாதத்தில் செத்துப்போக, வேலையிடத்தில் யாரோ அதை அறுத்துப் பார்த்தார்களாம். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிப் பேட்டரி, சுற்றிலும் மாவு மாதிரி வெள்ளைத் தூள். வீட்டுக்காரர் இதை ஒரு வேடிக்கையாகத்தான் வந்து சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "மாவடைச்சு விக்கிறவன் நல்லா இருப்பானா? அத மொத்தமா வாங்கி இவங்க கையில குடுக்குறவன் நல்லா இருப்பானா?" என்று மிஷினைப் போட்டு மிதித்தார். அன்றைக்குத் தைத்த பாவாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

இப்போதெல்லாம் புதுப் பேட்டரியை இடது கையிலும், நன்றாக உழைத்த பழையதை வலது கையிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். எடை குறைந்தால் அப்படியே கவுண்டரில் உருட்டிவிடுவார். எடை சரியாக இருந்தாலும் விடுதலை இல்லை. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, டார்ச்சை எரியவிட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தைக்க உட்காருவார். நடுநடுவே எழுந்துபோய்த் திறந்து பார்ப்பார். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்து பட்டென்று அணைகிற டார்ச் அவருக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சமிக்ஞை காட்டிவிட்டு அணைய வேண்டும். "சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு அதென்ன கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையா? லிஃப்ட் குழிக்குள்ள ஒரு ஆளு நிக்கிறாருல்ல."

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடுற? கம்பெனியிலதான் சும்மா குடுக்கறானே" என்பார் வீட்டுக்காரர்.

"டார்ச்சச் சும்மா குடுக்கறவனுக்கு உங்க உசுரும் சும்மாதான்" என்பார் அக்கா. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

கடைசியில் ஒன்று தேறியது. குட்டையான டார்ச். டப்பாவில் பெரிய எண் ஏதும் கிடையாது. வெளிச்சம் லேசாக மஞ்சள் கலந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. பீரோவுக்குள் நாணயமாக மங்கிச் செத்தது. அக்கா வீட்டுக்காரரின் மணிக்கட்டு அளவுக்கு இரட்டைத் தையல் போட்டு ஒரு சிவப்புப் பட்டை தைத்து, அதில் கோத்துக் கொடுத்தார். ஒரு வாரம் தெருவில் யாரையும் திட்டவில்லை.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம், வழக்கம்போல அவருடைய வேலைப் பையைத் திறந்தார். உள்ளே கம்பெனி டார்ச் கிடந்தது. குட்டை டார்ச்சைக் காணோம்.

"எங்க அது?"

"எங்க மேஸ்திரிகிட்ட இருக்கு."

"இரவலா?"

"இல்ல. குடுத்துட்டேன்."

அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணு நோக நூலு நூலாப் பாத்து வாங்கினது ஊர்க்காரருக்குத் தானம் பண்ணவா என்று அக்கா கேட்டார். வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நான் நிக்கிறது லிஃப்ட் பொட்டி மேல. ஒயரு சேக்குறது மொட்டை மாடி மோட்டார் ரூம்ல, மேஸ்திரி. மெயினை அணைச்சுட்டுத்தான் ஒயரத் தொடணும். அணைச்சா ரூம்ல இருக்கிற லைட்டும் போயிடும், ஜன்னலும் கிடையாது. அவர் சிவப்பப் பழுப்புன்னு பாத்துட்டா, கரண்டு வந்ததும் பொட்டி நகரும். நகந்தா நசுங்கறது அவரு இல்ல."

அக்கா பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் வேலை என்றால் ஒயரும் அவர் கையில்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட."

அன்றைக்கு அக்கா யாரைத்தான் திட்டாமல் விட்டுவைத்தார்? கம்பெனியை, மாவு அடைத்தவனை, வாயில்லாத வீட்டுக்காரரை, கடைசியில் தன்னையே. தவறான கைக்கு வெளிச்சம் தேடி அலைந்திருக்கிறோம் என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரியே தையல் கடை வாசலில் வந்து நின்றார். நரைத்த மீசை, கதவை அடைத்துக்கொள்கிற உடம்பு. கையில் குட்டை டார்ச்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. உங்க சாமானத் திருப்பிக் குடுக்க வந்தேன். எனக்குக் கம்பெனி லைட்டே போதும்."

"உள்ள வாங்கண்ணே. உக்காருங்க."

உட்கார்ந்ததும் கறுப்புத் துணி அவர் தலைமேல் விழுந்தது. அவர் இடுப்பில் சொருகியிருந்த கம்பெனி டார்ச்சும் நூல் அட்டையும் உள்ளே போயின. "சிவப்பு நூல மட்டும் உருவிக் குடுங்க."

தயங்கித் தயங்கி ஒரு நூலோடு வெளியே வந்தது கை. பழுப்பு. அக்கா துணியின் ஓரத்தைத் தூக்கி அதைக் காட்டினார். மேஸ்திரி பகல் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துக் குட்டை டார்ச்சோடு துணி மூடியது. இந்த முறை கை தயங்கவில்லை. சிவப்பு நூல்.

துணியை விலக்கிக்கொண்டு எழுந்த மேஸ்திரி டார்ச்சை நீட்டினார். சிவப்புப் பட்டை அவர் கையில் ஏறாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா டார்ச்சை வாங்கவில்லை. கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை உருவி, நீட்டிய அந்தத் தடித்த மணிக்கட்டைச் சுற்றி அளவெடுத்தார்.