வேரில் இருந்த பள்ளம்

எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுப்பாள். என்னைப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது.

என் மேல் ஈறும் அப்படித்தான் மரத்துக்கிடந்தது. முன்பல் ஒன்றை ஒட்டிக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீழ் வைக்கும், வடியும், மறுபடி வைக்கும். கிராம்பை அதக்கிக்கொண்டு சோலியைப் பார்ப்பேன். போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் காயை முன்பல்லால் உடைத்து, உள்ளே அரிசி என்கிற விதையைக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். மண்டியில் எல்லோர் வாயும் ஏலம் மணக்கும். அதைத் தாண்டி வேறு வாடை எவன் மூக்குக்கு எட்டப்போகிறது?

ஒருநாள் காயைக் கடித்தபோது பல் ஆடியது. மலைத்தோட்டங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிற டாக்டர் ஒருவர் போடியில் தங்கியிருந்தார். அவரிடம் போனேன். கூப்பிடாமலே அவளும் பின்னால் வந்தாள்.

டாக்டர் ஊசி போட்டார். உதடும் மூக்கும் யாருடையவோபோல் ஆயின. பல்லைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். வேரின் உள்பக்கம் நெடுக ஒரு பள்ளம், நகத்தால் கீறிவிட்டதைப்போல.

"இது பிறவியிலேயே உள்ளது. அழுக்கு இது வழியா இறங்கி எலும்பையே கரைச்சிருக்கு. கிராம்பு வலியை அமுக்கும், இதை என்ன செய்யும்?"

வேறு யாருக்கோ சொல்வதைப்போல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஈறைக் கீறி, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டத் தொடங்கினார்.

அடைபட்டுக் கிடந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பேசின் பாத்திரத்தைப் பிடித்திருந்த கம்பவுண்டர் அதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். அவள் அதை எடுத்து என் வாய்க்குக் கீழே அசையாமல் பிடித்தாள்.

"நாத்தம் தாங்கலைன்னா நீயும் வெளியே நில்லும்மா" என்றார் டாக்டர்.

"எனக்குப் பழகிப்போச்சுங்கய்யா. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதோடதான படுத்து எந்திரிக்கிறேன். சொன்னா இவுக சங்கடப்படுவாகன்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிருவேன்."

அவள் முந்தானையால் என் உதட்டைத் துடைத்தாள். துடைப்பதைக் கண்ணால்தான் பார்த்தேன். உதட்டுக்கு எதுவும் தெரியவில்லை.