ஏலத்துக்கு வந்த கல்

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், சேவல் என்று வீட்டில் விளைந்ததில் ஒன்றைப் பலிபீடத்தின் முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். பீடத்தில் வைத்ததை யாரும் தள்ள முடியாது. எந்த வீட்டுப் பொருள் என்று பெயர் சொல்லி ஏலம் விட்டே ஆகவேண்டும்.

போன வருஷம் பூங்கனி அக்கா கொண்டு வந்தது ஒரு கருங்கல்.

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவர்கள். அவர் வீட்டுக்காரர் ரசலையன் அண்ணன் திற்பரப்பு போகும் வழியிலுள்ள குவாரியில் கல் உடைத்தார். வெடி வைக்குமுன் விசில் ஊதி ஆட்களை விலக்க வேண்டும். அந்த விசில் அக்கா வீடு வரைக்கும் கேட்கும். அண்ணன் செத்த அன்று மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவுக்கு வெடிச்சத்தம் கேட்டது. விசில் கேட்கவில்லை.

குவாரி முதலாளி தேவகுமார்தான் எங்கள் சபைச் செயலாளர். "குடிச்சிட்டு வெடிக்குக் கிட்ட போயிட்டான்" என்று போலீசில் சொன்னார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றும் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் குடியைத் தொட்டதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அவர் குவாரியில் கூலி வாங்குகிறவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மகள் ஸ்மைலினைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்றார்கள். அந்தப் பொய் சபைக்கு முன்னால் உடைய வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

"நியாயம் தீர்க்குதது கர்த்தருக்க வேலை, பூங்கனி. நீ பேசாம இரி" என்றார் ஆராதனை நடத்தும் உபதேசியார்.

மறுநாள் வேலையில் அக்கா பொரிந்து தள்ளினார். "ஏட்டி, ஆபகூக்குன்னு ஒரு தீர்க்கதரிசி. அவரு பேசாமலா இருந்தாரு? எத்தன நாளு கூப்பிடுவேன், நீரு கேக்கவே மாட்டீரான்னு கடவுள்கிட்டயே சண்டைக்கு நின்னவராக்கும். பெறவு காவல்மேட்டுல ஏறி, பதிலு வரட்டும்னு நின்னுட்டாரு."

"கடவுளுக்குக் கோவம் வரல்லியா, அக்கா?"

"பதிலுதான் வந்துது. ரத்தம் சிந்திக் கட்டுனவனுக்கு எதிரா அவன் சொவத்துக் கல்லே கூப்பாடு போடும்னு. நீதின்னா கடைசி நாளுல மேலருந்து வருகதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். தீர்க்கதரிசிமாரு அதுவரைக்கும் காத்தா கெடந்தாவ? ராஜா மூஞ்சிக்கு நேரா சொன்னாவ."

பண்டிகையன்று ஏலம் விட்டவர் எபிசன். அவர் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். "இந்தச் சேவலு கூவினா பேதுருவே அழுவாரு, யாரு கேக்கிய?" என்று விற்று முடித்தவர் கல்லைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன மைனி, அம்மியா, ஆட்டுக்கல்லா?"

"அவரு விழுந்த எடத்துல எடுத்தது. எங்க வீட்டு வெளச்சல் இதாக்கும்."

சிரிப்பு நின்றுபோனது. தேவகுமார் எழுந்தார். "கோயில்ல வச்சு வெளயாடுதியா? எபிசன், தூக்கி வெளிய போடு."

எபிசன் தலையைச் சொறிந்தார். "பீடத்துல வச்ச சாதனத்த எப்பிடிப் போட, அண்ணாச்சி? உம்ம வாழக்குலையையும் இப்பிடித்தானே வித்தேன்." பிறகு குரலை உயர்த்தினார். "ரசலையன் வீட்டுக் கல்லு! யாரு கேக்கிய?"

நான் குவாரி ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செல்வதாஸ் மட்டும் நெற்றியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கையைத் தூக்கினார்.

"நான் கேக்கேன். வெல பெறவு சொல்லுகேன். விசிலு என் கையிலதான் இருந்துது. லாரி லோடுக்குக் காத்து நிக்கு, ஊதி ஆள வெலக்க நேரமில்லன்னு மொதலாளி சொன்னாரு. நான் ஊதல்ல. ரசலையன் குடிக்கவும் இல்ல."

"நாளைக்கு வேலைக்கு வராத!" என்று கத்தினார் தேவகுமார்.

"வரல்ல. கல்ல எடுத்துட்டுத்தான் போவேன்."

அக்கா அவருக்கு நன்றி சொல்லவில்லை. "போலீஸ் டேசன்லயும் இதையே சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுகேன், மைனி."

தேவகுமார் விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார். அக்கா காருக்கு முன்னால் போய் நின்றார்.

"போதும், பூங்கனி" என்றார் உபதேசியார்.

"போதாது, உபதேசியாரே. அண்ணாச்சி, கல்லறையில நின்னு சொன்ன பொய்ய உம்ம வாயாலயே திருப்பி எடுக்கணும். அதுவரைக்கும் வருசாவருசம் கல்லுதான் கொண்டு வருவேன். மலையையே ஒடச்சுப் போட்டிருக்கீரு, எனக்குக் கல்லுக்கா பஞ்சம்?"

தேவகுமார் ஹாரன் அடித்தார். அக்கா அசையவில்லை. மறுபடியும் அடித்தார். அண்டி ஆபீஸ் பெண்கள் ஒவ்வொருத்தராகப் போய் அக்கா பக்கத்தில் நின்றோம்.