அவளுக்காக மாட்டிய ஊஃபர்

காரில் தனியாக ஆம்ப்ளிஃபயரும், கனத்த ஒலி தரும் ஊஃபர் ஸ்பீக்கரும் மாட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பேட்டரியிலிருந்து வரும் வயர் தடிமனாக இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். இன்ஜின் பக்கத்துத் தகட்டைத் துளைத்து வயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், தகட்டின் விளிம்பு வயரின் தோலை மெல்ல அறுத்து, ஒருநாள் வண்டியே எரியும். எர்த் வயரைப் பெயிண்டின் மேல் முடுக்கக் கூடாது. சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகுதான் முடுக்க வேண்டும். கரண்ட் வயர் ஒரு பக்கமாகப் போனால் ஸ்பீக்கர் வயர் மறுபக்கமாகப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கர் ஊளையிடும்.

இவை அத்தனையையும் நான் ஒழுங்காகச் செய்தேன். வண்டி எரியவில்லை, ஊளையிடவும் இல்லை. என் மனைவிக்கு ஒரு பாட்டாவது கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் எனக்கு வேலை. மலைக் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிரிவில் பொறியாளன். கம்பங்களை நட்டோம், கம்பியும் இழுத்தோம். மின்சாரம் அவ்வப்போது வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். வீட்டு ரேடியோவை நம்பி அங்கே யாரும் பாட்டுக் கேட்க முடியாது. எங்களுக்குப் பாட்டு என்றால் காரில்தான்.

வாணியம்பாடி தோல் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பழைய கார் அது. அவர் பொருத்தியிருந்த கேசட் பிளேயரும், முன் கதவுகளில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கலசப்பாக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவோம். மலை இறங்கும் வரை கேசட் ஓடும், அவளும் கூடவே பாடுவாள். நல்ல குரல் என்று நான் சொன்னால் சொந்தக்காரன் சொன்னதாகிவிடும். கேசட்டில் பாடியவருக்கு முன்பாக அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் சரணம் பாடிக்கொண்டிருந்தாள், கேசட்டில் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. கிண்டலுக்குப் பாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அதற்குப் பிறகு காரில் அவள் பாடவில்லை.

வேலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "நரம்பு தேஞ்சிக்கிட்டே வருது. இதுக்கு மருந்து கிடையாது. கீச்சுனு இருக்கிற சத்தம் மொதல்ல போகும், கனமான சத்தம் கடைசியாப் போகும்" என்றார். சட்டைப் பையில் வைக்கும் காது மெஷின் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அதை மாட்டியதும் தட்டு உருளும் சத்தம் மட்டும்தான் வருகிறது என்று என் மனைவி கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள்.

வேறு கணவனாக இருந்தால் அன்று உட்கார்ந்து அழுதிருப்பான். நான் பொறியாளன். கனமான சத்தம் கடைசியில்தான் போகும் என்று டாக்டர் சொன்னதை, ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்கும் விவரக் குறிப்பு மாதிரி எடுத்துக்கொண்டேன். கனமான சத்தம்தானே தேவை? அதைத் தயாரிக்க முடியும்.

வாணியம்பாடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் போய் என் கணக்கைச் சொன்னேன். அவர் பீடியை ஓரமாக வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"சார், இது கார் சார். நீங்க கேக்குறத மாட்டுனா கல்யாண மண்டபத்துக்கே பத்தும்."

"என் மனைவிக்குக் காது கேட்கவில்லை, பாய். அதற்குத்தான்."

"அப்ப காது மெஷினு வெக்கலாமே?"

"வைத்துப் பார்த்தாயிற்று. பீரோவில் இருக்கிறது."

"பீரோவுக்கு நல்லா கேக்கும் சார்" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

முதலில் ஆம்ப்ளிஃபயர் வந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் பச்சையும் சிவப்புமாகச் சின்ன விளக்குகள் ஒரு வரிசை. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி அவை குதிக்கும். அதனால் ஒலிக்கு ஒரு பயனும் இல்லை, வெறும் அலங்காரம். "வெளக்கு இல்லாம இப்ப யாரும் வாங்குறதில்ல சார்" என்றார் பாய்.

கதவு ஸ்பீக்கர்கள் புது சக்தியைத் தாங்காமல் கிழிந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, பின்சீட்டில் பாதியை அடைத்து ஒரு பிளைவுட் பெட்டி வைத்து, அதில் ஊஃபரும் சின்ன ஸ்பீக்கர்களும் மாட்டினேன். பெட்டியின் இணைப்புகளில் காற்றுக் கசிந்தால் கனமான ஒலி செத்துவிடும். அதனால் ஓரங்களுக்கெல்லாம் பசை பூசி அடைத்தேன். முன்னாலிருந்து பெட்டிக்குப் போகும் எல்லா வயரையும் சீட்டுக்கு அடியில் ஒரே பிளக்கில் கொண்டுவந்து முடித்தேன். பெட்டியைக் கழற்றி மாட்ட வசதியாக இருக்கும் என்று.

மலை இறங்கும்போது போட்டேன். என் முதுகெலும்பு அதிர்ந்தது.

"கேக்குதா?" என்று கத்தினேன்.

அவள் முன்னால் பார்த்தபடி மடியில் விரலால் தாளம் தட்டினாள். "கேக்குதுங்க. இப்ப பரவால்ல."

பரவாயில்லை என்பது எங்கள் துறையில் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இரண்டாவது ஊஃபர் வந்தது, பிறகு பெரிய பேட்டரி. ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், அவளும் போன தடவையை விட நன்றாகக் கேட்கிறது என்பாள். விரல் சரியான இடத்தில்தான் விழுந்தது. பாட்டு வேகம் எடுத்தால் விரலும் வேகம் எடுக்கும், நின்றால் நிற்கும். அளந்து பார்த்த பிறகே எதையும் நம்புகிறவன் நான். இதை அளந்ததாகத்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. அவள் வைத்த குழம்பை நான் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல மாட்டேன். நான் மாட்டியது, பழுதுபார்த்தது எதையும் அவள் அன்றே குறை சொல்ல மாட்டாள். பேச்சில்லாமல் ஏற்பட்ட ஒப்பந்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை வைத்துத்தான் சமாதானமாகக் காலம் தள்ளினோம். அப்படிப்பட்ட வீட்டில் 'கேக்குதா' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மலைக்காரர்கள் எங்கள் காரைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டார்கள். சாமைக் கொல்லையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "இன்னா சார், வண்டிக்குள்ள மேளக்காரன குந்த வெச்சிக்கினு போறியா?" என்று ஒருவர் கேட்டார். ஆடுகள் பாதையை விட்டு மேட்டில் ஏறிவிடும். மலைப்பாதையில் ஹாரனுக்குச் செலவே இல்லாமல் போயிற்று.

புளி அடிக்கும் பருவத்தில் ஒரு ஞாயிறு, கீழே சந்தைக்குப் போக வண்டி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த ஒரு விவசாயியை ஏற்றிக்கொண்டேன். பின்சீட்டில் என் பெட்டி விட்ட இடத்தில் அவரும், அவர் காலடியில் புளி மூட்டையும். கொஞ்ச தூரம் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். பிறகு மூட்டையை இன்னும் உள்ளே தள்ளி, கால் நீட்ட இடம் செய்துகொண்டார்.

அந்த இடத்தில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் கியரில் இன்ஜின் அலறிக்கொண்டு இறங்கியது. மாதக்கணக்கில் அந்த இடிக்கு நடுவில் உட்கார்ந்து, எதையும் உள்ளே விடாமல் இருக்க என் காதும் பழகியிருந்தது. வளைவுகள் முடிந்த பிறகு அவர் முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டார்.

"சார், பாட்டு நின்னு ரொம்ப நேரம் ஆவுது. அம்மா இன்னும் தாளம் போட்டுக்கினு வருதே. உள்ளுக்குள்ள பாடிக்கிதா?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காருக்குள் இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மூட்டை தள்ளியதில் சீட்டுக்கு அடியிலிருந்த பிளக் கழன்று கிடந்தது. ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் பச்சையும் சிவப்பும் குதித்துக்கொண்டிருந்தன. என் மனைவி அவற்றைப் பார்த்தபடி, ஒரு தட்டுகூடப் பிசகாமல் மடியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

பேச வேண்டாம் என்று அவருக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவருக்குப் புரிந்தது. சந்தை வரும்வரை பின்னால் சாய்ந்து உட்கார்ந்து வந்தார்.

அவர் இறங்கிய பிறகு அவள் கேட்டாள்: "இன்னாங்க சொன்னாரு?"

"புளி இந்த வருஷம் நல்லா வந்திருக்காம்" என்று கத்தினேன்.

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது விதி. அதற்கு எதிர்ச் சோதனையும் செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு கிளம்புவதற்கு முன்பு பிளக்கை மாட்டிவிட்டு, விளக்கு வரிசைக்குப் போகும் மெல்லிய வயரை மட்டும் கழற்றினேன். ஊரைத் தாண்டியதும் ஒலியை முழுக்கத் திறந்தேன். கண்ணாடிகள் நடுங்கின. அவள் டாஷ்போர்டின் கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மடியில் இருந்த கை அசையவில்லை.

"இன்னைக்குப் பாட்டு வேணாமாங்க?"

நான் பதில் சொல்வதற்குள், பாதையோரம் சுள்ளி சுமந்து போன பெண்கள் காரைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். இருண்டு கிடந்த ஆம்ப்ளிஃபயரை மறுபடியும் பார்த்தாள்.

"லைட்ட எடுத்துட்டீங்களா?" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, பாட்டை அணைத்தேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள். அவளே பேசினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"பெட்டி வெச்ச புதுசுல முதுகுல இடிச்சுது. சரி, இதான் பாட்டுன்னு நெனச்சேன். அப்பறம் பார்த்தா குழில எறங்கினாலும் அதேதான் இடிக்குது. எது ரோடு எது பாட்டுன்னு எனக்குத் தெரியலீங்க. லைட்டப் பார்த்தா இங்க வேகமா பாடறாங்க, இங்க நிறுத்தறாங்கன்னு தெரிஞ்சுது. அத வெச்சி இது அந்தப் பாட்டுன்னு நெனச்சிக்குவேன். நீங்க வேற ஒவ்வொரு வாட்டியும் அழுக்கு சட்டையோட வந்து கேக்குதா கேக்குதான்னு நின்னீங்க. கேக்கலன்னு எப்டிச் சொல்றது?"

சொல்லியிருக்கலாம் என்று நான் உதட்டை அசைத்தேன்.

"சொன்னா இன்னொண்ணு மாட்டுவீங்க" என்றாள்.

அது உண்மை. வாணியம்பாடி பாயிடம் அடுத்த ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றே, ஓரமாக நின்ற காரில் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து விளக்கு வயரை மறுபடியும் இணைத்தேன். முனைகளைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, ஆடாமல் கட்டினேன். நல்ல இணைப்பு. பாட்டைப் போட்டதும் பச்சையும் சிவப்பும் முன்பு போலவே குதித்தன. நான் அவள் பக்கம் திரும்பி விளக்கைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

கலசப்பாக்கம் போய்ச் சேரும் வரை அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கேட்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இனி அவளுக்கு இல்லை; அடுத்த ஞாயிறும் பார்க்கவில்லை. மாற்றலாகி மலையை விட்டு வரும்வரை நான் விளக்குகளை எரியவிட்டுத்தான் ஓட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளைவுகளில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.