கம்பை ஒளித்துவைத்துச் சொன்ன சாட்சி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, தங்கை இறந்தபிறகு எடுத்து வளர்த்தது இரண்டு. ஆக ஆறு பேரை ஆளாக்கினேன். ஒருவரையும் பட்டினி போட்டதில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு என்னைப் புத்தி பிசகிய கிழவி என்று யாரும் நினைக்கக் கூடாது.

பாறசாலைக்குக் கிழக்கே என் வீட்டில் தனியாக இருக்கிறேன். மூத்த மகன் திருவனந்தபுரத்தில் ஏழாம் மாடியில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என்னையும் அங்கே ஏற்றிவிட நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்லவன்தான். ஆனால் அங்கே கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவுதான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரியும் தனியாக இருந்தவள்தான். கால் வீங்குகிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். அந்த வாரம் வீட்டு ஜெபத்தில், தனிமையில் வாடும் சகோதரிக்காக என்று கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். எங்கள் சபையில் ஒரு காரியம் ஜெபத்தில் ஏறிவிட்டால் விடியுமுன் காட்டாக்கடை வரை போய்விடும். பிள்ளைகள் காரோடு வந்து அவளைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அவள் முற்றத்தில் இப்போது ரப்பர் இலைதான் கிடக்கிறது.

போன மழை விட்ட சமயம், எங்கள் வார்டு ஆஷா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். ஆஷா என்றால் வீடு வீடாகப் போய் பிள்ளைகளுக்கு ஊசி, வயதானவர்களுக்கு மாத்திரை என்று விசாரிக்கிறவள். எங்கள் சபைக்காரி. அந்தப் புதன்கிழமை ஜெபமே அவள் வீட்டில்தான். கூட வந்த பெண் மெடிக்கல் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வயதானவர்களுக்கு உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறிக்க வந்திருக்கிறாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டதுமே நான் ஊன்றுகம்பை விறகுப்புரைக்குள் செருகிவிட்டேன்.

அவள் மலையாளத்தில் கேட்டாள். எனக்கும் மலையாளம் நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் பதில் சொன்னேன். அவளும் உடனே தமிழுக்கு மாறினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"உன்ன ஆரு அனுப்பினா? எனக்க மகனா?"

"அம்மச்சிக்க மகன எனக்குத் தெரியவே தெரியாது. எல்லா வீட்டுக்கும் போறோம். பேரு வெளிய வராது."

"பேரில்லாம எழுதினா, எனக்க முட்டுவலி ஆருக்க முட்டுவலி ஆகும்?"

"அப்போ முட்டுவலி உண்டு?"

"இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னதாக்கும்."

படி ஏறுவீர்களா, தானே குளிப்பீர்களா என்று கேட்டாள். பிறகு ஆஷாவை வெளியே போகச் சொன்னாள். ஆஷா பலாமரத்தடி வரைதான் போனாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"உறக்கம் உண்டா அம்மச்சி? நமக்கு ஆரும் இல்லன்னு எப்பவாவது தோணுமா?"

அப்படியே என் மகன் போனில் கேட்கிற கேள்வி! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் படுத்தா கட்டையாக்கும்! மனசுக்கு ஒரு கேடும் இல்ல!" என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னாள். நடந்தேன். முட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல், ஞாயிறு மத்தியானம் வந்து திரும்பப் பார்க்கிறேன் என்றாள்.

புதன்கிழமை மதிலைப் பிடித்துப் பிடித்து ஆஷா வீட்டுக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி, காதைத் திறந்துவைத்தேன். ஒருவனுடைய விசாவுக்காக ஜெபித்தார்கள். ஒரு பெண்ணின் நர்சிங் பரீட்சைக்காகவும், ஒரு பசுவின் மடிவீக்கத்துக்காகவும் ஜெபித்தார்கள். ஆஷா வாய் திறந்தபோது ஒரு கண்ணையும் திறந்தேன். அவள் தன் வீட்டு கான்கிரீட் காயும்வரை மழை வேண்டாம் என்று ஜெபித்து முடித்தாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்படியானால் நேரே மகனிடம் சொல்லப்போகிறாள். முந்திக்கொள்ள வேண்டும் என்று எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்கிற சாட்சி சொன்னேன்.

"மெடிக்கல் காலேஜில இருந்து வந்து என்னப் பரிசோதிச்சாவ. எனக்கு ஒரு குறையும் இல்ல. நடப்பு உண்டு, உறக்கம் உண்டு. பிரஷர் மட்டும் இம்புடு கூடுதல். ஸ்தோத்திரம்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அம்மச்சி, கம்பு எங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் ஏற்றாத காரியத்தை நானே ஜெபத்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் கட்டன்சாயா குடிக்குமுன் மகன் போன் செய்தான். "என்ன பரிசோதனை அம்மா? ஞாயித்துக்கிழம வாறேன். துணி எடுத்து வையுங்க."

சொன்னபடி வந்தான். என் துணிக்கென்று கொண்டுவந்த காலிப் பையை நடுவீட்டில் வைத்தான். அந்தப் பெண்ணும் ஆஷாவோடு வந்து சேர்ந்தாள்.

"எனக்க அம்மையாக்கும். என்ன சொன்னாங்கன்னு சொல்லும்மா" என்று அவளிடம் கேட்டான்.

"அம்மச்சி சம்மதிச்சா சொல்லலாம். இல்லேன்னா சொல்ல முடியாது."

இவன் குரலை உயர்த்தினான். வாசலில் நின்ற ஆஷா, "சத்தம் போடாதீங்க. நான் எத்தன மட்டம் கேட்டேன் தெரியுமா? எனக்கே சொல்லல்ல" என்றாள். கேட்டாளாம்! அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் மகன் அனுப்பியவள் மகன் முன்னால் இப்படி நிற்கமாட்டாள். இரண்டு பேரையும் பலாமரத்தடிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை ஜன்னலையும் சாத்தினேன். வீட்டுக்காரர் போனதிலிருந்து உறக்கம் இல்லை என்றும், முட்டுவலி உண்டு என்றும் சொன்னேன். அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒருத்தியிடம் கொட்டுவார்களா?

திரும்பப் பார்த்தபோதும் பிரஷர் கூடுதல்தான். என் சம்மதத்தோடு மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பிரஷருக்கும் உறக்கத்துக்கும் டாக்டரப் பாக்கணும். தனியா இருக்கப்பிடாதுன்னு நான் சொல்லல்ல."

மறுநாள் மகன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாத்திரை வாங்கித் தந்தான். பிறகு காரில் தனியாகத்தான் திரும்பினான். கம்பு விறகுப்புரையிலிருந்து வந்து கதவோரம் நிற்கிறது. பையை மட்டும் என் கட்டிலுக்கடியில் மறந்துவிட்டானாம். மறந்தானாம்!

எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கட்டிக்கொடுத்த மகளின் மகள் தமிழ் படித்தவள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நான் பேசியது கொஞ்சம், தாள் நிறைந்திருப்பது அதிகமாகத் தெரிகிறது.

"மக்கா, முதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி. நான் சொல்லாதது உள்ள கெடந்தா எனக்குத் தெரியும்."