கூவிக் கூவி எடுத்த பல் அச்சு

மலேசியாவின் உலு திராமில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கூவுவது நான்தான். கல்லாவில் இருந்தபடியே ஏழெட்டு மேசைக்கானதை ஒரே மூச்சில் சமையலறைக்குக் கூவிவிடுவேன். அது என் திமிர் என்பாள் என் மனைவி. இருக்கட்டுமே!

என் வலக் காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி வளர்ந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலப்பக்க முகம் தொங்கிப்போனது. பல வருஷமாகச் சொன்னபடி கேட்ட கீழ்ப் பல்செட், வாயைத் திறந்தாலே வலப்பக்கம் ஓடியது. கடைக்குத் திரும்பிய முதல் நாள் "தே தாரேக்" என்று டீக்குக் கூவினேன். பல்செட் கழன்று ஒரு வாடிக்கையாளரின் ரொட்டித் தட்டில் விழுந்தது. மானம் போயிற்று. மறுநாளே மனைவி ஆர்டர் எழுதச் சீட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன ஊமையா?

ஒரு பல் டாக்டர் பல்செட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார். தேய்ந்ததுதான் மிச்சம். இன்னொருவர் பசை கொடுத்தார். மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லாமல் முதலில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்செட்டுல தப்பு இல்ல அங்கிள். ஆபரேஷனுக்கு அப்புறம் முக நரம்புக்குப் பலம் இல்ல. உள்ளேருந்து நாக்கு தள்ளுது, வெளிய கன்னம் பிடிக்க மாட்டேங்குது. பல்லுக்கு எங்க இடம் இருக்குன்னு உங்க வாய்தான் காட்டணும்."

கீழ் ஈறின் மேல் அச்சு எடுக்கிற மாவை மெத்தென்று வைத்தார். "இது இறுகுற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. எப்பவும் பேசுற மாதிரி."

எதைப் பேசுவது? கண்ணை மூடிக்கொண்டு கூவினேன். "ரொட்டி கோசோங் ரெண்டு! மீ கோரேங் ஒண்ணு, காரம் கம்மி! தே தாரேக் மூணு!" எச்சில் வழிந்தது, வார்த்தை குழறியது. விடவில்லை. வெளியே பெயர் பதிகிற பெண் கதவைத் திறந்து, "அலமாக், பசிக்குது லா!" என்றாள்.

அந்த அச்சில்தான் புதுப் பல்செட் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை நிரம்பி வழிந்தது. மனைவி சீட்டுப் புத்தகத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி மூச்சை இழுத்தேன். எட்டு மேசை, ஒரே மூச்சு. வாய் கோணியது, பல் அசையவில்லை!

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ரொட்டி போடுகிறவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முதலாளி, மெதுவா! காது போயிரும்!"

"போகட்டும்யா! இன்னும் ஒம்போதாவது மேசை பாக்கி, ரொட்டி ரெண்டு!"